ஃபேர்லி கரையில் ஒரு முழங்கால்

கிளாஸ்கோ சென்ட்ரலில் லார்க்ஸ் ரயிலைப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசி நிறுத்தம்வரை போகிறவர்கள். லார்க்ஸில் கடற்கரைச் சாலை இருக்கிறது, ஐஸ்கிரீம் கடைகள் இருக்கின்றன, எதிரே உள்ள கம்ப்ரே தீவுக்குப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடும் படகு இருக்கிறது. அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் ஃபேர்லி. அங்கே என்னோடு இறங்கியவர்கள் மளிகைப் பையும் நாயுமாக வீடு திரும்புகிறவர்கள். நான் மட்டும் ஒரு முழங்காலைத் தேடி இறங்கினேன்.

அந்த முழங்கால் மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவருடையது. 1904இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுட்டா என்ற ஊரில் பிறந்தவர். பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்து, கட்டட வேலை செய்தார். தற்காப்புக்காக ஜூஜுட்சு கற்றார், அதைப் பற்றி ஹீப்ருவில் புத்தகமும் எழுதினார். 1929இல் ஒரு கால்பந்து ஆட்டத்தில் இடது முழங்கால் மோசமாக அடிபட்டது. அடுத்த ஆண்டு பாரிஸுக்குப் போனார். பொறியியல் படித்து, ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவை அங்கேதான் சந்தித்தார். கானோவின் ஊக்கத்தால் பிரான்ஸில் ஜூடோ வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். 1940இல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது பிரிட்டனுக்குத் தப்பினார். பிரிட்டிஷ் கடற்படை அவரை ஃபேர்லிக்கு அனுப்பியது.

நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கான ஆய்வு நிலையம் அப்போது இந்தச் சிற்றூரில் இயங்கியது. சோதனைக்காக ஈரமான கப்பல் தளங்களில் ஏறி இறங்க வேண்டும். பழைய முழங்கால் வழுக்கியது, வீங்கியது, படுக்கையில் தள்ளியது. அறுவை சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள் மருத்துவர்கள். அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், நரம்பியல் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். தரையில் படுத்துக்கொண்டு, காலைத் துளித்துளியாக அசைத்து, அப்போது உடம்பின் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று கவனித்தார். உலகத்தின் பல ஊர்களில் இன்று 'அசைவின் வழியே விழிப்பு' என்ற பெயரில் நடக்கும் மென்மையான வகுப்புகளுக்கு வித்து அந்தக் கவனிப்புதான். 1943–44 வாக்கில் தன்னோடு வேலை செய்த விஞ்ஞானிகளுக்கு இதைப் பற்றி ஃபேர்லியில் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1949இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகம் அவற்றிலிருந்து உருவானது.

ஸ்டேஷனிலிருந்து கரைக்கு இறங்கும் பாதை சரிவானது. கிளைடு ஆறு கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரம் இது. எதிரே கம்ப்ரே தீவுகள் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் பியூட் தீவு, தெற்கே தள்ளி ஆரன் மலைகள். ஆரனின் முகட்டுக் கோட்டைத் 'தூங்கும் வீரன்' என்று இந்தக் கரைக்காரர்கள் சொல்கிறார்கள். மல்லாந்து படுத்த முகம், மார்பு எல்லாம் தெரிகின்றன.

கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் ஃபைஃப் குடும்பத்தின் படகுப் பட்டறை இருந்தது. வில்லியம் ஃபைஃப் என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறை. மூன்றாமவர் கட்டிய பாய்மரப் படகுகளின் முன்பக்கத்தில் ஒரு டிராகன் செதுக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தால் இன்றும் படகுப் பித்தர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்துக்காக இவரிடம் 'ஷாம்ராக்' படகுகளில் இரண்டை வடிவமைத்து வாங்கினார். இதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இலங்கையில் ஹப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேதன்னைத் தோட்டம்தான். கிளாஸ்கோக்காரரான லிப்டனின் செல்வத்தில் அங்கே கொழுந்து பறித்த நம் மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கழுத்து சுமை தாங்க, செங்குத்துச் சரிவில் நாள் முழுக்க நின்ற உடம்புகள் அவை. அசைவின் சுகத்தைப் பற்றி எழுத வந்த இடத்தில் அவர்களை நினைக்காமல் போக என்னால் முடியாது.

போரின்போது ஆய்வு நிலையத்துக்காகக் கடற்படை எடுத்துக்கொண்டது ஃபைஃப் பட்டறையைத்தான். பட்டறை இன்று இல்லை. கரைச் சுவரின் மேல் உட்கார்ந்து, ஒலியைக் கொண்டு கடலுக்கடியில் தேடியவர்கள் இங்கேதான் உலவினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பாடம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

முந்தின நாள் கிளாஸ்கோவில், கெல்வின் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தரைக் கூடத்தில் ஃபெல்டன்கிரைஸ் முறை வகுப்பு. ஆளுக்கொரு தடித்த கம்பளி விரிப்பு, தலைக்கு வைக்க மடித்த துண்டு, அவ்வளவுதான் சாமான். கண்ணாடியும் இல்லை, இசையும் இல்லை. வந்திருந்தவர்களில் ஃபிடில் வாசிக்கும் இளம்பெண் ஒருவர் இருந்தார். கோவன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். குழந்தை பெற்ற சில மாதங்களில் முதுகு பிடித்துக்கொண்ட தாய் ஒருவரும் வந்திருந்தார். ஆசிரியை எதையும் செய்து காட்டவில்லை. சொன்னார், அவ்வளவுதான். செய்து காட்டினால் நாம் அந்த உருவத்தைப் பிரதி எடுக்கப் பார்ப்போம், நம் உடம்பைக் கேட்க மாட்டோம் என்பது இந்த முறையின் பழைய நியதி.

முதலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். எந்தக் குதிகால் தரையில் அதிகம் பதிகிறது, எந்தத் தோள்பட்டை எலும்பு அழுத்துகிறது, இடுப்புக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். சரிசெய்யச் சொல்லவில்லை, கேட்க மட்டும் செய்தார். பிறகு முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் வைக்கச் சொன்னார். "இடுப்பின் பின்பக்கத்தில் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மடிப்புப் பக்கம் பன்னிரண்டு, வால் எலும்பு முனையில் ஆறு. மூன்றும் ஒன்பதும் இரு பக்கங்களில். பன்னிரண்டை நோக்கி எடையை உருட்டுங்கள். போதும், அவ்வளவு வேண்டாம். இப்போது பாதி முயற்சி. இனி அதிலும் பாதி."

1972இல் வந்த ஃபெல்டன்கிரைஸின் மிகப் பிரபலமான புத்தகத்தில் உள்ள பாடங்களில் ஒன்று இது. பன்னிரண்டுக்குப் போனால் இடுப்பு மடிப்பு தரையைத் தொடுகிறது. ஆறுக்குப் போனால் அங்கே ஒரு வளைவு எழுகிறது. சில முறை இப்படி உருண்ட பிறகு, தாடை கேட்காமலே மேலும் கீழும் அசைவது தெரிந்தது. இடுப்பின் அசைவு முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் ஏறித் தலைவரை போகிறது. போகாமல் நடுவில் நின்றால், நிற்கும் இடம் தெரிகிறது. எனக்கு நின்ற இடம் தோள்பட்டைகளுக்கு நடுவே. வருஷக்கணக்காகக் கணினி முன் உட்கார்ந்து நான் மறந்துபோன இடம் அது.

அடுத்து மணிக்கு மணி சுற்றினோம். பன்னிரண்டிலிருந்து ஒன்று, மறுபடி பன்னிரண்டு; பிறகு இரண்டு. அப்படியே மெதுவாக முழுவட்டம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே எனக்குக் கடிகாரமே இல்லை. இடுப்பு அங்கே தாவியது. வெல்டர் பெரியவர் பக்கத்திலிருந்து மூச்சை இறுக்கிக்கொண்டு முயல்வது கேட்டது. ஆசிரியை அவரிடம் குனிந்து, "நீங்கள் வேலை செய்கிறீர்கள். கொஞ்சம் சோம்பேறியாகுங்கள்" என்றார். பெரியவர் பெருமூச்சு விட்டார். அடுத்த சுற்றில் அவருடைய மூச்சு கேட்கவே இல்லை.

நடுநடுவே கால்களை நீட்டி ஓய்வு. இந்த ஓய்வுகளைப் பாடத்தின் இடைவேளை என்று முதலில் நினைக்கத் தோன்றும். பாடத்தின் கணிசமான பகுதி அங்கேதான் நடக்கிறது. தரை மாறியிருப்பது ஓய்வில்தான் தெரிகிறது. இடுப்புக்கு அடியில் விரலை விட்டால் புகுந்த இடைவெளி காணாமல் போயிருக்கிறது, ஒரு கால் மற்றதைவிட நீளமாகத் தோன்றுகிறது. யாரும் எதையும் இழுக்கவில்லை, நிமிர்த்தவில்லை.

ஃபேர்லி கரைச் சுவரில் எனக்கு விளங்கியது இதுதான். ஆஸ்டிக் என்று அன்று பெயரிட்ட கருவி, தண்ணீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது. எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கலாம். ஆனால் வேட்டைக் கப்பல் விரைந்து போனால் அதன் விசிறியின் இரைச்சலும் அடியில் பாயும் நீரின் இரைச்சலும் எதிரொலியை மூழ்கடித்துவிடும். ஒரு வேகத்துக்கு மேல் அந்தக் கருவி செவிடு. கேட்க வேண்டுமானால் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். பகலில் இந்த உண்மையோடு உழைத்த ஒரு பொறியியலாளர், இரவில் தன் முழங்காலை அசைத்துப் பார்த்தபோது அதே உண்மையை உடம்பிலும் கண்டார் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி எழுதியதாக நான் சொல்லவில்லை. அந்தக் கரையில் உட்கார்ந்த எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

அவர் தாமே சான்றுக்கு அழைத்தது ஜெர்மன் உடலியங்கியலாளர் எர்ன்ஸ்ட் வெபரை. கையில் உள்ள எடையில் ஒரு மாற்றத்தை உணர வேண்டுமானால், அந்த மாற்றம் ஏற்கெனவே உள்ள எடையில் குறிப்பிட்ட ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று வெபர் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார். தூக்கிப் பார்க்கும் எடைகளுக்கு அது ஏறத்தாழ நாற்பதில் ஒன்று. நாற்பது கிலோ தூக்குகிறவருக்கு ஒரு கிலோ கூடினால்தான் தெரியும். நானூறு கிராம் வைத்திருப்பவருக்குப் பத்து கிராம் கூடினாலே தெரிந்துவிடும். தசையின் முயற்சியும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறவருக்கு, தோளும் தாடையும் வீணாக இறுகுவதை உணர வழியே இல்லை. முயற்சியைக் குறைத்தால் வித்தியாசம் தெரியும். தெரிந்த பிறகு இரண்டில் எது சுலபமோ அதை நரம்பு மண்டலம் தானே எடுத்துக்கொள்கிறது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் கழுத்துக்கு இந்த வாய்ப்பை அவர்களுடைய வேலை நாள் ஒருபோதும் தரவில்லை.

ஃபெல்டன்கிரைஸ் பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இதோடு சேர்கிறது. ஒரு நாள் நல்ல காலால் நொண்டிக்கொண்டு போனபோது வழுக்கி, நல்ல முழங்காலும் பிசகிவிட்டது. இனி இரண்டு காலும் போச்சு என்று கவலையோடு படுத்தார். விழித்தெழுந்தபோது, பல காலமாக எடை தாங்காத பழைய முழங்கால் அவரைத் தாங்கி நின்றது. ஓர் உறக்கத்தில் எலும்பும் தசைநாரும் மாறியிருக்க முடியாது. அந்தக் காலைப் பயன்படுத்தும் விதம் மாறியிருக்கிறது. நல்ல கால் இருந்தவரை, வலித்த காலை மூளை ஒதுக்கியே வைத்திருந்தது.

ஃபேர்லியிலிருந்து லார்க்ஸுக்குக் கடலோரமாக நடக்கலாம், ஐந்து கிலோமீட்டர் இருக்கும். வழியில் கெல்பர்ன் கோட்டை. பிரேசில் ஓவியர்கள் 2007இல் அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தீட்டிய வண்ணங்கள் மரங்களுக்கு மேல் தெரிந்தன. நான் கோட்டைக்குள் போகவில்லை. கரைப் பாதையில் என் நடையையே கேட்டுக்கொண்டு போனேன். இடது பாதம் இறங்கும்போது வலது தோள் எங்கே போகிறது? இடுப்பு பக்கவாட்டில் சாய்கிறதா? நிமிர்ந்து நட, வயிற்றை உள்ளே இழு என்று பள்ளியிலிருந்து கேட்டு வந்த கட்டளை எதுவும் இதில் இல்லை. லார்க்ஸுக்கு வெளியே 'பென்சில்' என்று செல்லமாகச் சொல்லப்படும் கல் கோபுரம் வருகிறது. 1263இல் இங்கே நார்வே படையோடு நடந்த சண்டையின் நினைவுச் சின்னம். அங்கே நின்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கழுத்தை மட்டும் முறுக்காமல், கண், தலை, விலா, இடுப்பு, குதிகால் எல்லாமே சிறிது சிறிதாகத் திரும்பின. ஃபேர்லிவரை தெரிந்தது.

போருக்குப் பிறகு ஃபெல்டன்கிரைஸ் லண்டனில் சில காலம் இருந்துவிட்டு, 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேல் போனார். டெல் அவிவில் அலெக்சாண்டர் யனாய் என்னும் தெருவில் பல ஆண்டுகள் வகுப்பு நடத்தினார். அங்கே ஒலிப்பதிவான பாடங்கள் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேல். முதுகுவலியோடு வந்த பிரதமர் பென் குரியன் எழுபது வயதைத் தாண்டிய நிலையில் இவரிடம் கற்று, கடற்கரையில் தலைகீழாக நின்ற புகைப்படம் 1957இல் உலகெங்கும் பேசப்பட்டது. 1960களின் இறுதியில் முதல்முறையாகப் பதின்மூன்று பேரை ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். பிறகு சான் பிரான்சிஸ்கோ, அதன் பிறகு மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட். 1984இல் இறந்தார். பிரபலங்களின் பட்டியல் இந்த முறைக்கு நல்ல விளம்பரம்தான். ஆனால் எனக்கு அந்தத் தலைகீழ் நிலையைவிட வெல்டர் பெரியவரின் மூச்சு முக்கியம்.

இது எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இருபது சோதனைகளை அலசி, முதியவர்களின் உடற்சமநிலையில் பலன் தெரிகிறது, ஆனால் பல சோதனைகளின் தரம் போதாது என்றது. அதே காலத்தில் ஆஸ்திரேலிய அரசு நடத்திய மதிப்பீடு தெளிவான சான்று இல்லை என்று முடிவு செய்தது. 2019 முதல் அங்கே தனியார் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கப்பட்ட முறைகளில் இதுவும் ஒன்று. யோகாவும் தாய் சீயும் அதே பட்டியலில் இருந்தன. தேய்ந்துபோன மூட்டைப் பாடம் வளர்க்காது. எலும்பு முறிவுக்கும், காலில் மரப்பு பரவுவதற்கும், இரவில் எழுப்பும் வலிக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். உட்காருதல், எழுதல், திரும்புதல், குனிதல் என்று நாள் முழுக்கச் செய்யும் காரியங்களில் தேவையில்லாமல் செலவாகும் பலத்தை இந்த முறை மிச்சப்படுத்துகிறது. அதற்கு என் உடம்பே எனக்குப் போதுமான சாட்சி.

நம் வீடுகளில் ஐம்பது வயதானதும் தரை தடை செய்யப்படுகிறது. சம்மணம் போடாதீர்கள், கீழே உட்காராதீர்கள் என்று சொல்லி நாற்காலி போடுகிறார்கள். சிலருக்கு அது அவசியம். பலருக்கு, வாழ்நாள் முழுக்கத் தெரிந்திருந்த ஓர் அசைவு பயத்தால் பறிபோகிறது. தரைக்குப் போகவும் தரையிலிருந்து எழவும் தெரியாத முதியவர், ஒரு நாள் வழுக்கி விழுந்தால் எழும் வழி அறியாமல் கிடப்பார். தரையோடு பழக்கத்தை விடாமல் வைத்திருக்க இந்தப் பாடங்கள் நமக்கு உதவும். கருவி வேண்டாம், உடை வேண்டாம், ஒரு ஜமக்காளமும் ஒரு குரலும் போதும். அந்தக் குரல் படுத்திருப்பவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். ஏனென்றால் பாடம் முழுவதும் பேச்சாலேயே நடக்கிறது. கேட்டதைப் புரிந்துகொள்ள மெனக்கெட்டால் அதுவே ஒரு முயற்சியாகி, உடம்பு இறுகிவிடும்.

லார்க்ஸ் கடற்கரைச் சாலையில் காற்று குறைந்த ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்து, கடிகாரப் பாடத்தைத் தமிழில் மெதுவாகச் சொல்லி போனில் பதிவு செய்தேன். மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். எழுபதைத் தாண்டியவர். குனிந்து கோலம் போடுவதை நிறுத்திப் பல மார்கழி ஆகிவிட்டது. தரை முடியாவிட்டால் கெட்டியான கட்டிலில் படுத்துச் செய்யலாம், வலி வருமுன்பே திரும்பிவிட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஓய்வு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மறுநாள் கிளாஸ்கோவில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"எல்லா மணியும் வருதுடா. எட்டு மட்டும் கிடைக்கல. ஏழுலேருந்து நேரா ஒம்போதுக்குத் தாவிடுது."

"எனக்கு நாலும் அஞ்சும் அப்படித்தாம்மா. தேடாத. அந்தப் பக்கம் வரும்போது இன்னும் கொஞ்சம் மெதுவாப் போ."

"சரி, இரு," என்றார். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இப்ப சொல்லு. ஏழுல இருக்கேன்."